காவடிக் கிழவனின் கடைசி ரீல்

கன்னியப்பனுக்கும் அவன் அண்ணன் செல்வகுமாருக்கும் பேச்சு நின்று அஞ்சு வருஷம் ஆகிறது. கணியம்பாடி பக்கத்தில் ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு இருக்கிறார்கள். ஒரே கம்பெனி பஸ்ஸில் ஆம்பூர் போகிறார்கள், அண்ணன் முன் சீட்டு, தம்பி கடைசி சீட்டு. ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் தம்பி மெஷின் ஃபிட்டர். அண்ணன் மிலிட்டரியில் இருபத்தஞ்சு வருஷம் இருந்துவிட்டு வந்து அதே ஃபேக்டரி கேட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். தினமும் சாயங்காலம் தம்பியின் பையைத் திறப்பான், டிபன் பாக்ஸைத் திறப்பான், வாயை மட்டும் திறக்க மாட்டான். ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் பக்கத்தில் நிற்கிற வாட்ச்மேனிடம் சொல்வான்.

"அந்தாளு ஐடி கார்டு தேதி முடிஞ்சிடுச்சு, மாத்தச் சொல்லு."

அந்தாள் ரெண்டடி தூரத்தில்தான் நிற்பான். கூடப் பிறந்தவனை அந்தாள் என்று சொல்ல ஒரு மனுஷனுக்கு எப்படி நாக்கு வருமோ தெரியாது. செல்வகுமாருக்கு வந்தது. கன்னியப்பன் ஃபிட்டர் வேலையில் கெட்டிக்காரன், கொஞ்சம் முன்கோபி, நாற்பத்தாறு வயசு, ரெண்டு பிள்ளைக்கு அப்பன். ஆனாலும் உள்ளுக்குள் அவனுக்கு இருந்த ஏக்கம் ஒன்றுதான். சாவதற்குள் அண்ணன் ஒரே ஒரு தடவை 'டேய்' என்று கூப்பிட்டுவிட வேண்டும்.

இத்தனைக்கும் ரெண்டு பேரும் ஒட்டிப் பிறந்த மாதிரி திரிந்தவர்கள். அப்போது கணியம்பாடி டென்ட் கொட்டாயில் தமிழ் பேசுகிற சீனாக்காரன் சண்டைப் படம் வந்தால் ஊர்ப் பிள்ளைகளில் பாதி அங்கேதான் கிடக்கும். அப்படி வந்த ஒரு படம். அதற்குத் தமிழில் என்ன பேர் வைத்தார்கள் என்று இன்றைக்கு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை, இவர்களுக்கு அது காவடிக் கிழவன் படம். தோளில் ஒரு கம்பு, கம்பின் ரெண்டு முனையிலும் தண்ணி வாளி, ஊருக்கெல்லாம் தண்ணி சுமக்கிற கிழவன். அவன் பெரிய சண்டைக்காரன் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் எதிரிகள் பாலத்தின் மேல் அவனைச் சுற்றி வளைத்து நெஞ்சில் அம்பு விடுவார்கள். கிழவன் முட்டி போட்டு விழுவான். அவ்வளவுதான், லைட்டைப் போட்டுவிடுவார்கள்.

கடைசி ரீல் படப்பெட்டியிலேயே வரவில்லை. ஏழு நாள் ஓடியது, ஏழு நாளும் அண்ணன் தம்பி போனார்கள், ஏழு நாளும் கிழவன் முட்டி போட்டதோடு சரி. செத்துட்டாரு என்றான் செல்வகுமார், அவனுக்குப் பதினாலு வயசு. பொழச்சிட்டாரு என்றான் கன்னியப்பன், அவனுக்குப் பதினொன்று. கடலைக் கொல்லையில் கட்டிப் புரண்டு ஒருத்தன் பல்லு போச்சு. வயசு ஏறியும் அந்தச் சண்டை தீரவில்லை. பட்டாளத்திலிருந்து எப்போது போன் பண்ணினாலும் செல்வகுமார் கடைசியில், "கெழவன் செத்துட்டான்டா, வெச்சிடறேன்" என்றுதான் வைப்பான். "பொழச்சிட்டாருண்ணா, ஒடம்ப பாத்துக்க" என்பான் தம்பி. அவர்களுக்கு அதுதான் போயிட்டு வரேன்.

ஆறு வருஷம் முன்னால் ஃபேக்டரிக்குச் சீனாவிலிருந்து ரெண்டு மெஷின் வந்து இறங்கியது. ஷூவின் மேல்தோலை அச்சுக்கட்டையில் இழுத்து, மூக்குப் பக்கம் மடித்து ஒட்டுகிற மெஷின். அதை ஓட்டிக் காட்ட ஒரு மெக்கானிக்கும் கூட வந்தான். லின் என்று பேர். மறுநாளே எங்கள் ஜனம் அவனை லிங்கம் ஆக்கிவிட்டது. அவனுக்குத் தமிழ் தெரியாது, கன்னியப்பனுக்குச் சீன பாஷை தெரியாது, ரெண்டு பேர் இங்கிலீஷையும் சேர்த்தால் அரைப் பக்கம் தேறாது. மெஷின் சத்தத்தில் எந்த பாஷையும் காதில் விழவும் விழாது. எல்லாம் கைதான். கட்டைவிரல் மேலே என்றால் ஏற்று. உள்ளங்கையைத் தொடையோடு ஒட்டி மெல்லத் தாழ்த்தினால் இறக்கு, படிய விடு.

முதல் ஜோடி ஷூ சுருக்கம் இல்லாமல் வெளியே வந்த அன்று கன்னியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒற்றைக்காலில் நின்று ரெண்டு கையையும் கொக்கு மாதிரி விரித்தான், படத்தில் பார்த்தபடி. லின் ஸ்பேனரைக் கீழே வைத்தான். வைத்துவிட்டு எதிரில் புலி மாதிரிப் பதுங்கி நின்றான். லைனே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

அன்றிலிருந்து தோஸ்த் ஆகிவிட்டார்கள். லின்னுடைய அப்பா இந்திப் படப் பைத்தியமாம். லின்னும் ஒரு பழைய பாட்டைச் சீனாக்காரன் வாயால் கொத்திக் கொத்திப் பாடுவான். அந்த மெஷினை ஓட்டிய வஜீதா, "அய்யோ, எங்கம்மா கேட்டா அழுதுடும்" என்று தலையில் அடித்துக்கொண்டு உருது வார்த்தையைத் திருத்திக் கொடுப்பாள். கன்னியப்பன் ஒருநாள் தோளில் கம்பு, ரெண்டு வாளி, நெஞ்சில் அம்பு என்று நடித்துக் காட்டினான். லின்னுக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் டீ டைமில் போனை நீட்டினான். அந்தப் படத்தின் கடைசிப் பத்து நிமிஷம்.

கிழவன் முட்டி போட்டு விழுகிறான். அப்புறம் அம்பைப் பிடுங்குகிறான். எழுந்து, எதிரிகளைத் துவம்சம் பண்ணிவிட்டு, வாளிகளைத் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போகிறான். ஒரு சொட்டுத் தண்ணி சிந்தவில்லை.

கன்னியப்பன் குழந்தை மாதிரிக் குதித்தான். போனில் அண்ணனிடம் மூச்சு விடவில்லை. லீவில் வரட்டும், எதிரில் உட்கார வைத்து மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தான். முப்பது வருஷத்துச் சண்டையில் ஜெயித்தவன் போனிலா சொல்வான்?

அண்ணன் வந்தான். மலை எல்லையில் சீனாக்காரப் பட்டாளத்தோடு கைகலப்பு நடந்த வருஷம் அது. இடது தோள் கல்லடியில் உடைந்து, கட்டோடு வந்தான். ஒரே பங்கரில் கூடப் படுத்த ஒடுகத்தூர் கோபி பெட்டியில் வந்தான். கோபியின் காரியம் முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது கன்னியப்பன் போன் அடித்தது. எட்டிப் பார்த்த செல்வகுமார் கண்ணில் பட்டது திரையில் இருந்த போட்டோ. கன்னியப்பன் கொக்கு, லின் புலி, ரெண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

"யார்ரா இவன்?"

"மெஷின் ரிப்பேர் பண்றவண்ணா. ஊருக்குப் போய்ட்டான். அவன் இன்னா பண்ணான்?"

"அழி."

"அண்ணா, அவன் பட்டாளத்தான் இல்லண்ணா."

"எங்க போஸ்ட்டுக்கு எதிர்லயும் ஒரு சீனாக்காரன் நம்ம பாட்டு பாடுவான்டா. நானும் கோபியும் கை தட்டினோம். அன்னிக்குக் கல்லு அவன் இருந்த பக்கத்துல இருந்துதான் வந்துச்சு. அழிடா."

கன்னியப்பன் அழிக்கவில்லை. அழித்திருக்கலாம், ஒரு போட்டோதானே என்று அவன் பெண்டாட்டி மோகனா இன்றைக்கும் சொல்கிறாள். சோற்றுத் தட்டு சுவரில் போய் மோதியது. அதோடு பேச்சு நின்றது. லின்னோடு பேசுகிற ஆப்பையும் அந்த மாதமே கவர்மென்ட் தடை பண்ணியது. ஒரே மாசத்தில் ரெண்டு பேரையும் இழந்தான். கிழவன் பிழைத்த சேதி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

இந்த வருஷம் மெஷின் ரெண்டும் மக்கர் பண்ணி, துணி போர்த்திக் கிடந்தன. கடைசியில் விசா கிடைத்து, லின் வருகிறான் என்று மேனேஜர் இஷ்தியாக் சாப் சொன்னார். ஃபேக்டரியில் ஒரே புகைச்சல். வியாதியைக் கொண்டு வந்தவன் என்றான் ஒருத்தன். மூடிக் கிடந்த மெஷின் மேல் சாக்பீஸில் துரோகி என்று எவனோ எழுதி, கீழே அம்புக்குறி போட்டுக் கன்னியப்பன் பேரையும் எழுதியிருந்தான். வஜீதா ஈரத் துணியால் அழித்தாள்.

"இவ்ளோ நாள் எங்களை வேற நாட்டுக்குப் போ, போன்னு சொன்னாங்க. இப்ப உங்களைப் புடிச்சிருக்காங்க. எங்களுக்குக் கொஞ்சம் ரெஸ்டு" என்றாள். சிரிக்கவில்லை.

பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து டிரைவரிடம் சத்தமாகப் பேச்சு வந்தது. "சீனாக்காரனுக்குப் போட மாலை வாங்கிட்டாராமா அந்தாளு?"

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு லின் கேட்டில் வந்து இறங்கினான். தலை பாதி நரைத்திருந்தது. கூட்டி வரச் சொல்லிக் கன்னியப்பனையும் வஜீதாவையும் மேனேஜர் அனுப்பியிருந்தார். செல்வகுமார் அவனை வெயிலில் நிற்க வைத்தான். பாஸ்போர்ட்டை மூன்று தடவை புரட்டினான். ஷூவைக் கழற்றச் சொன்னான், சாக்ஸையும். காலுக்குக் கீழே சிமென்ட் தரை கொதித்தது, லின் காலை மாற்றி மாற்றி வைத்தான். முக்கால் மணி நேரம். கன்னியப்பனுக்கு ரத்தம் கொதித்தது, ஆனால் அண்ணனின் இடது தோள் இன்னும் மேலே தூக்க வரவில்லை என்பதும் கண்ணில் பட்டது.

கடைசியாகப் பையைக் கொட்டினான் செல்வகுமார். சட்டை, டூல்ஸ், சுருட்டிய ஒரு காகிதம். பிரித்தான்.

கம்பு. ரெண்டு வாளி. கிழவன்.

லின் கன்னியப்பனுக்கென்று வாங்கி வந்த பரிசு, அந்தப் படத்தின் போஸ்டர். செல்வகுமார் அதைப் பிடித்தபடியே நின்றான். ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது, திரும்பவில்லை. பிறகு வாட்ச்மேனைப் பார்த்துச் சொன்னான்.

"அவன்கிட்ட கேக்கச் சொல்லு. கெழவன் கடைசில பொழச்சானா, செத்தானா."

வாட்ச்மேன் திருதிருவென்று விழித்தான். கேட்க வேண்டியவன் கேட்டான். கன்னியப்பன் தோளில் கம்பை வைத்தான், நெஞ்சில் அம்பு வாங்கினான், ரெண்டு கையையும் விரித்துக் காட்டினான். அப்புறம்?

லின் சிரித்தான். உனக்குத்தான் காட்டினேனே என்பது போலப் பார்த்துவிட்டு முட்டி போட்டான். நெஞ்சைப் பிடித்தான். மெல்ல ஒரு கை அம்பைப் பிடுங்க எழுந்தது.

கன்னியப்பன் அண்ணனைப் பார்த்தான். செல்வகுமார் குனிந்து, வாய் லேசாகத் திறந்து, கண் இமைக்காமல் நின்றான். டென்ட் கொட்டாய் மணலில் உட்கார்ந்திருந்த அதே மூஞ்சி. கல்லடி பட்டு, தோஸ்தைப் பறிகொடுத்து வந்தவனிடம் இந்த ஒரு பந்தயத்திலும் ஜெயித்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. கன்னியப்பன் உள்ளங்கையைத் தொடையோடு ஒட்டினான். மெல்லத் தாழ்த்தினான். இறக்கு.

லின்னின் கை அம்பின் மேலேயே நின்றது. ஒரு தடவை கன்னியப்பனைப் பார்த்தான். ஒரு தடவை செல்வகுமாரைப் பார்த்தான். பிறகு அந்தக் கொதிக்கிற தரையில் பக்கவாட்டில் சாய்ந்து, கையைக் காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டான்.

வஜீதா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். செல்வகுமார் அந்தப் போஸ்டரைச் சுருட்டி, பைக்குள் பத்திரமாகச் செருகினான். அப்புறம் வாட்ச்மேனைத் தாண்டி, நேராகத் தம்பியைப் பார்த்தான்.

"டேய். நான் அன்னிக்கே சொல்லல?"

"சொன்னண்ணா" என்றான் கன்னியப்பன்.

செல்வகுமார் லின்னுக்குக் கை கொடுக்கவில்லை, அவன் மூஞ்சியையும் பார்க்கவில்லை. ரிஜிஸ்டரை இழுத்து வைத்து அவன் பேரை எழுத ஆரம்பித்தான்.

"அவனை எழுந்திரிக்கச் சொல்லுடா" என்றான், எழுதிக்கொண்டே. "தரை சுடுது."