கோடு வெட்டுப்பட்ட இடம்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது எனக்கு நடந்தது. 1994 நவம்பர். ஏற்காட்டில், மஞ்சக்குட்டை தாண்டி ஓர் எஸ்டேட் வீடு.

பாட்டுகளுக்கு மேல்நாட்டு இசைக்குறிப்பைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. மாதா கோயில் பாடகர் குழுவை நடத்தும் அருள்சாமி, தன் பாட்டு ஒன்றை ஞாயிறு பூசைக்குள் அச்சடிக்கச் சொன்னார். கையால் எழுதிய தாளை வெளியே தரமாட்டாராம். அதனால் கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு சேலத்திலிருந்து அவருடைய அந்த எஸ்டேட் வீட்டுக்கு நானே போனேன்.

மூன்று மணிக்கு அவர் ஒண்டிக்கடை ஜங்ஷனுக்குக் கிளம்பினார்.

"ஆறு மணி பஸ்ஸுக்கு வந்துருவனுங்க. அந்தக் கோட்ட மட்டும் பிரிச்சுப் போட்றாதீங்க. பிரிஞ்சா பாடறவங்க அங்க மூச்சு வாங்கிப்போடுவாங்க."

குட்டிச் சுரங்களின் வால்களைச் சேர்க்கும் தடித்த கோட்டைத்தான் சொன்னார். அவர் குழுவில் கோடு சேர்ந்திருந்தால் ஒரே மூச்சு. கடைசி வரியில் அந்தக் கோடு தாளக் கட்டத்தைத் தாண்டி ஓடியது. என் சாஃப்ட்வேருக்கு அது ஆகவே ஆகாது. சேர்த்தேன். கட்டத்தின் விளிம்பில் வெட்டியது. மறுபடி சேர்த்தேன். வெட்டியது. பிடிவாதத்தில் என்னை மிஞ்சிய சனியன்! வெறுத்துப்போய், வெட்டுப்பட்டபடியே ஒரு தாளை அச்சடித்து வைத்தேன்.

மூடுபனி ஜன்னல்வரை வந்திருந்தது. ஒரு குரல் இல்லை. சேலத்து அறையிலும் எனக்காகக் காத்திருக்க யாருமில்லைதான். ஆனாலும் இங்கே ஒரு சத்தமாவது கேட்டால் தேவலை போலிருந்தது.

4.40. கம்ப்யூட்டரில் பாட்டை ஓடவிட்டேன். கீ... கீ... கடைசி வரி. கோடு வெட்டுப்பட்ட இடம்.

ஹ்ஹ்...

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் வந்தது பயமில்லை. ஆறுதல். வீட்டில் இன்னோர் ஆள் இருக்கிறாரே என்று.

"யாருங்க?"



மறுபடி ஓடவிட்டேன். அதே இடம்.

ஹ்ஹ்...

இம்முறை என் நாற்காலிக்குப் பின்னால்.

திரும்பினேன். யாருமில்லை.

கம்ப்யூட்டரை அணைத்தேன்.

ஹ்ஹ்...

மூச்சு உள்ளே போனது மட்டும். வெளியே வரவில்லை. காத்திருந்தேன்... வரவில்லை.

தாளை இழுத்தேன். பேனா. ஸ்கேல். இரண்டு துண்டுக் கோட்டையும் ஒன்றாகச் சேர்த்தேன்.

ஹா...

என் பிடரியில். சில்லென்று.

ஆறேகாலுக்கு அருள்சாமி வந்தபோது நான் தாளோடு வாசலில் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், பிடரியில் பட்டதைத் தவிர. அவர் அந்தக் கோட்டையே பார்த்தார்.

"என்ற மக ரெஜினாங்க. மொதல்ல அந்தக் கோடு பிரிஞ்சுதானுங்க இருந்துச்சு. போன கிறிஸ்துமஸ் பூசைல அந்த எடத்துல மூச்சு வாங்குனா... அப்படியே சாஞ்சுட்டா. அப்புறந்தானுங்க சேத்தி எழுதுனேன்."

நான் சேர்த்த இடத்தை விரலால் தடவினார்.

"இழுத்த மூச்ச அவ வெளிய உடவே இல்லைங்க."

என் கை தானாகப் பிடரிக்குப் போனது. அங்கே இன்னும் ஈரமாக இருந்தது.