படத்திலிருந்து அட்டையை உரித்த கதை

எங்கள் வீட்டுச் சுவரில் சாமி படங்களுக்கு அடுத்த மரியாதை, அத்தையும் மாமாவும் உட்கார்ந்திருக்கும் ஒரு பென்சில் படத்துக்குத்தான். கல்யாணமான வருஷம் ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போனபோது, அங்கே மரத்தடியில் ஆட்களை உட்காரவைத்து வரைந்துகொண்டிருந்த ஒருவர் வரைந்தது. புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில் இன்னொரு ஆளுக்கு இடம் விட்டதுபோல் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். வரைந்தவரும் அந்த இடத்தை வெறும் வெள்ளையாகவே விட்டிருந்தார். வீட்டுக்கு வருகிறவர்கள், "நடுவுல பஸ்ஸே போவும் போல இருக்கே!" என்று கேலி செய்வார்கள்.

மாமா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் ஊருக்கு வந்து நான் பார்த்ததில்லை. அப்பாவின் தங்கையான அத்தை எங்கள் வீட்டிலேயே இருந்து ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கத்தரியை யாரும் தொடக்கூடாது. ஒருமுறை பள்ளிக்கூடத்து வேலைக்காக அதை எடுத்து ஒரு சார்ட் பேப்பரை வெட்டிவிட்டேன். "துணி வெட்டற கத்தரியில பேப்பர வெட்டுனா முனை போயிரும்டா, எத்தன தடவ சொல்றது?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். நன்றாகவே வலித்தது.

நான் ஐந்தாவது படித்தபோது, பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்க அந்தப் படத்தைக் கழற்றினார்கள். கறையான் அரித்த மரச்சட்டம் ஒரு பக்கம் பொடிப்பொடியாகக் கையோடு வந்துவிட்டது. அப்பாவும் அத்தையும் நானும் படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு, பென்னாகரத்தில் பாய் ஒருவர் வைத்திருந்த ஃபிரேம் கடைக்குப் போனோம். பாய் படத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"யாருங்க இத இப்படி ஒட்டுனது?"

ஒட்டியது அப்பா. குச்சிக்கிழங்கு மாவில் பசை காய்ச்சி, காலண்டர் அட்டை முழுக்க அப்பியிருந்தார். படம் அங்கங்கே கொப்புளம் போல எழும்பியிருந்தது. அப்பா ரோட்டில் போகிற லாரியைப் பார்த்தார்.

"அட்டையோடவே புதுச் சட்டம் போட்டுடலாம்ங்க. பிரிச்சா கிழிஞ்சிரும். அப்புறம் என்னையக் கேக்கக்கூடாது."

அப்பாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. அத்தைதான் ஒத்துக்கொள்ளவில்லை. "அட்டை வேணாம்ங்க பாய். பூச்சி அதுலதான் இருக்குது. நாங்களே பிரிச்சு எடுத்தாறோம்." சட்டத்துக்கு அளவாவது சொல்லிவிட்டுப் போங்கள் என்றார் பாய். பிரித்த பிறகு சொல்கிறேன் என்றாள்.

பஸ்ஸில் அப்பா அவளிடம் மெதுவாகப் பேசிக்கொண்டே வந்தார். "பாப்பா, சின்ன வயசுல வரைஞ்சதுன்னு உனக்கு அது ஒண்ணுதான் இருக்குது. கிழிஞ்சா என்ன பண்ணுவ?"

"கிழியாதுண்ணா."

"அது சுவத்துல இருக்கற வரைக்கும்தான் நாலு பேரு வாயத் தொறக்காம இருக்கறாங்க. அதையும் யோசி."

அத்தை மடியில் இருந்த படத்தின் மேல் துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றினாள்.

பசை தண்ணீரில் கரையும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருந்த நான், படத்தை அப்படியே பக்கெட்டில் ஊறப்போடலாம் என்றேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்பதால் என் பேச்சுக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. அன்றைக்கு அது செல்லவில்லை. "அப்புறம் உங்க அத்தையக் கரண்டியிலதான் மொண்டு எடுக்கோணும். இதத்தான் சொல்லித் தராங்களா அங்க?" என்றாள் அம்மா.

அப்பா கத்தியை ஒரு மூலையில் செருகிப் படத்தைத் தூக்கினார். நகத்தளவு தாள் அட்டையிலேயே நின்றுவிட்டது. அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இட்லிய எப்படிண்ணா எடுக்கறோம்? துணியில இருந்து இட்லியப் பிச்சா பாதி துணியிலயே நின்னுக்கும். கவுத்துப் போட்டு, தண்ணி தெளிச்சு, துணியத்தானே உரிக்கறோம்?"

"உங்கண்ணன் இட்லியத் தின்னு பாத்துருக்காரு. எடுத்துப் பாத்துருக்காரா?" என்றாள் அம்மா.

படத்தை வெள்ளை வேட்டியின் மேல் குப்புறப் போட்டோம். முதலில் தண்ணீர் இல்லாமலே, அட்டையின் முதுகிலிருந்து ஒவ்வொரு தோலாகக் கிழித்து எடுத்தோம். கடைசியாக ஒரு மெல்லிய தோலும் பசையும்தான் மிஞ்சின. அத்தை துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, அதன் மேல் விரித்தாள். பசை இளகிய இடத்தில் என் பிளாஸ்டிக் ஸ்கேலைச் சாய்த்து வைத்து வழித்தாள். அவள் பக்கத்தை அவளும் அம்மாவும் எடுத்துக்கொண்டார்கள். மாமா இருந்த பக்கம் அப்பாவுக்கு வந்தது. ஒட்டும்போது காட்டாத பொறுமையை எல்லாம் அப்பா அப்போது காட்டினார். "மீசைகிட்ட வந்துட்டேன், யாரும் பேசாதீங்க" என்றார். "பாத்து, மாப்பிள்ளைக்கு வலிக்கப் போவுது" என்றாள் அம்மா.

படம் முழுசாக வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தால் அப்பாவின் கத்தி பட்ட மூலையைத் தவிர ஒரு கீறல் இல்லை. அப்பா எழுந்துபோய், சுவரில் ஆணி உறுதியாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார்.

இரண்டு துணிகளுக்கு நடுவில் வைத்து, மேலே என் புத்தகங்களை எல்லாம் அடுக்கிக் காயவைத்தோம். மறுநாள் காலையில் அது புதுத்தாள் போலத் தட்டையாக இருந்தது. அத்தை அதைத் தையல் மெஷின் மேல் விரித்துவிட்டுக் கத்தரியை எடுத்தாள்.

"அத்தை, அது துணிக் கத்தரி!" என்று கத்தினேன்.

"தெரியும்டா."

அந்த வெள்ளை இடத்தில், மேலிருந்து கீழாக, துணி வெட்டுவதுபோல் நிறுத்தாமல் வெட்டினாள். கத்தரி இரண்டு பேர் மேலும் படவில்லை. மாமா இருந்த பாதியை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"இந்தாண்ணா. நீ பாத்துக் கொண்டாந்த மாப்பிள்ளைதானே. நீயே வெச்சுக்க."

அப்பா அதை வாங்கிக்கொண்டார். வாங்கியதும் வாசல் பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். அம்மா அளவெடுக்கிற டேப்பை எடுத்து அத்தையிடம் கொடுத்தாள். அத்தை தன் பாதியை அளந்து, பாயிடம் சொல்ல வேண்டிய அளவை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கிழியக்கூடாது என்று அவ்வளவு பாடுபட்டதை அவளே ஏன் வெட்டினாள் என்று நான் கேட்கவில்லை. மாமா வந்து பார்த்தால் வருத்தப்படுவாரே என்று மட்டும் கொஞ்சம் நினைத்தேன். எனக்கு அன்றைக்கு அநியாயமாகப் பட்டது வேறு. எதற்காக என் முதுகில் அடி விழுந்ததோ, அதையே அத்தை செய்தபோது வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முனை கட்டாயம் போயிருக்கும் என்று, அவள் அந்தப் பக்கம் போனதும் கத்தரியை எடுத்து ஒரு துண்டுத் துணியை வெட்டிப் பார்த்தேன்.

நன்றாகவே வெட்டியது.