கொளஞ்சி வாக்கிங் போகிறாள்

நாயைக் கூட்டிக்கொண்டு சும்மா நடக்கிறவர்கள் ரிட்டயரான ஆபீசர்கள், இல்லாவிட்டால் இரும்பை கிராமத்துப் பக்கம் குடியிருக்கும் வெள்ளைக்காரர்கள் என்பது மரக்காணத்தில் பலருடைய எண்ணம். உப்பளத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த ஒரு பொம்பளை, ஐம்பத்து மூன்று வயதில், தூக்குச்சட்டியில் புளிசோறு போட்டுக்கொண்டு மூன்று தெரு நாய்களோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினால் சிரிக்கத்தானே செய்வார்கள். சிரித்தார்கள். "என்னக்கா, வாக்கிங்கா?" என்று கேட்டார்கள். கொளஞ்சி ஆமாம் என்றாள்.

முழங்கால் மடங்க மறுத்ததும் உப்பளத்து வேலையை விட்டு மூன்று வருஷமாகிறது. இப்போது தோசை மாவு அரைத்து விற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை கிரைண்டருக்கு லீவு. புருஷன் இல்லை, மகள் இலக்கியா சென்னையில். முழங்கால் வலிக்கு இப்படி நடக்கலாமா என்று மகள் போனில் கேட்பாள். உட்கார்ந்தாலும்தான் வலிக்கிறது என்பாள் இவள்.

நாய்களில் ராணி கிழவி, ஒரு காது கேட்காது. சீனி, மிட்டாய்க் கடைக்குப் பின்னால் கிடைத்த குட்டி. மூன்றாவது கண்டக்டர், பஸ் ஸ்டாண்டிலிருந்து பின்னாலேயே வந்தது. நான்காவதாக ஒன்று இருந்தது. போன வருஷம் ஈ.சி.ஆர். ரோட்டில் கார் அடித்துவிட்டது. அதிலிருந்து அவள் நாய்களை ரோட்டுப் பக்கம் கூட்டிப்போவதில்லை. உப்பளத்துக் கரை வழியாகப் போய், உப்பங்கழி ஓரம் சுற்றி, சவுக்குத் தோப்பில் சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் அதே கரையில் திரும்புவாள். அந்தக் கரையை விட்டால் அவளுக்கு வேறு வழி இல்லை.

தை மாதத்து இரண்டாம் ஞாயிறு அந்தக் கரையின் தலைப்பில் சீமைக்கருவேல முள்ளைப் போட்டு அடைத்திருந்தது. பக்கத்தில் காசிலிங்கம் நின்றான். மேஸ்திரியாக வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

"பாத்தியில நாய் கால் வெச்சிருக்குதுக்கா. இனிமே நாய்ங்க இந்தப் பக்கம் வரக் கூடாது. ஓனர் சொல்லிட்டாரு."

மழைத் தண்ணீர் வடிந்து, உப்புப் பாத்திகளை மிதித்து இறுக்கும் நேரம் அது. களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து, நடந்தால் தடம் விழாத அளவுக்குக் கெட்டியாக்கிய பிறகுதான் உப்புத் தண்ணீர் விடுவார்கள். கீழே பத்துப் பெண்கள் வரிசையாக மிதித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் கொளஞ்சியைத் தெரியும். மிதிப்பது நிற்கவில்லை, ஆனால் காது இங்கேதான் இருந்தது.

"அந்தப் பக்கம் உனக்கு அப்படி என்ன வேலை?" என்றான் காசிலிங்கம்.

விறகுக்குப் போகிறேன் என்றால் விட்டிருப்பான். ஆடு ஒன்று காணோம் என்றாலும் விட்டிருப்பான். இருபத்திரண்டு வருஷம் அவள் இந்தக் கரையில் தலையில் கூடை இல்லாமல் நடந்ததே இல்லை. அப்போதெல்லாம் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்டதும் இல்லை.

"வேலை ஒண்ணும் இல்லப்பா. நடக்கப் போறேன்."

"நடக்கறதுன்னா ரோட்டுல நட."

எந்தப் பாத்தி என்று அவள் கேட்டாள். காட்டினான். ஓரத்தில் நாலைந்து தடம் அழியாமல் இருந்தது. பின்னங்கால் விரல் ஒன்று வெளியே பிரிந்திருந்ததைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"எங்க கண்டக்டர் காலுதான். போன வாரம் கொக்கப் பாத்து எறங்கிடுச்சு," என்றாள்.

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று அவன் நினைக்கவில்லை. கீழே யாரோ சிரித்தார்கள். கொளஞ்சி இன்னும் குனிந்து பார்த்தாள். நடுவில் இருந்த தடங்களின் மேல் ஈரக் களிமண்ணை அப்பிப் பலகையால் இழுத்து மட்டமாக்கியிருந்தது. யார் செய்தது என்று கேட்டாள். நான்தான், நாளைக்குத் தண்ணீர் விட வேண்டும் என்றான்.

"மேல பூசி வெச்சிருக்க. கீழ பள்ளம் அப்படியேதான் இருக்குது. தண்ணி விட்டா சேறு கெளம்பி மேல வரும். வார்ற உப்பெல்லாம் கறுப்பா வரும். அப்ப ஓனருகிட்ட எந்த நாயச் சொல்லுவ?"

தூக்குச்சட்டியைக் கரையில் வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். பூசிய மண்ணைக் கையால் வழித்து எறிந்துவிட்டு ஓரத்திலிருந்து மிதிக்க ஆரம்பித்தாள். குதிகாலை எடுக்காமல், ஒரு பாதத்தை ஒட்டி அடுத்த பாதம். முழங்கால் முதல் வரிசையிலேயே கத்தியது. ராணி கரையில் படுத்துவிட்டது. கண்டக்டர் பின்னாலேயே இறங்கப் பார்க்க, மிதித்துக்கொண்டிருந்த விஜயலட்சுமி ஓடிவந்து அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றரை மணி நேரம் ஆனது. காசிலிங்கம் இரண்டு தடவை போதும்க்கா என்றான். அவள் காதில் வாங்கவில்லை.

ஏறி வந்து காலைக்கூடக் கழுவாமல் சொன்னாள்: "இப்ப உன் பாத்தியில என் நாய் காலு இல்ல. முள்ள எடு."

"இன்னைக்குப் போ. அடுத்த வாரம் வராத."

"அடுத்த வாரமும் வருவேன். கண்டக்டருக்கு மட்டும் கழுத்துல கயிறு போட்டுக் கூட்டியாறேன். அதையும் மீறிக் கால் வெச்சா எறங்கி மிதிச்சுக் குடுப்பேன். ஓனர வரச் சொல்லு, அவருகிட்டயும் இதான் சொல்லுவேன்."

அவன் முள்ளை எடுக்கவில்லை. அவளே இழுத்து ஓரமாகப் போட்டுவிட்டு நடந்தாள். அன்று சவுக்குத் தோப்பில் சாப்பிடும்போது மணி மூன்று. புளிசோற்றில் பாதியை நாய்களே தின்றன. கால் வீங்கிவிட்டதால் திரும்பும்போது நின்று நின்று வந்தாள்.

கரையின் தலைப்பில் முள் மறுபடி கிடந்தது. ஆள் இல்லை. கொளஞ்சி அதை, வெயிலுக்குத் தலையில் சுற்றியிருந்த பழைய சும்மாட்டுத் துணியால் கட்டி வீட்டுக்கு இழுத்துவந்து, காயவைத்து, வெந்நீர் அடுப்பில் வைத்தாள். நன்றாக எரிந்தது. அடுத்த ஞாயிறு புது முள், அதற்கடுத்த ஞாயிறும். மூன்று வாரம் அவளுக்கு விறகுக் கவலை இல்லை.

நாலாம் வாரம் கரை வெறுமனே கிடந்தது. காசிலிங்கம் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நின்றான். பாத்திகளில் தண்ணீர் ஏறியிருந்தது. கொளஞ்சி கண்டக்டரின் கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அவனை உரசுகிற மாதிரி, அவசரமே இல்லாமல் நடந்து போனாள்.