கண்ட்ரோலில் இருந்த பெண்

ஆம்பூரில் யாருக்கு என்ன வந்தாலும் வேலூர் ஆஸ்பத்திரிதான். காலுக்கு, கண்ணுக்கு, பிரசவத்துக்கு என்று போகிறவர்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். தலைக்கு என்று போனால் மட்டும் தெருவே பேசும். எனக்கு ஒன்றுமே இல்லாமல் அப்படிப் பேசிவிட்டார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

நான் எட்டாவது படிக்கும்போது ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வளர்கிற பிள்ளைகளின் மூளை எப்படி மாறுகிறது என்று வருஷா வருஷம் பார்க்கப்போகிறார்களாம். பதினெட்டு வயதுவரை அதே பிள்ளைகளைத்தான் பார்ப்பார்களாம். மனநலச் சிகிச்சையில் இருக்கிற பிள்ளைகள் ஒரு பக்கம். ஒப்பிட்டுப் பார்க்க, எந்தக் கோளாறும் இல்லாத பிள்ளைகள் இன்னொரு பக்கம். நான் இரண்டாவது வகை. அந்த வகைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘கண்ட்ரோல்’. அம்மா டீச்சர். எனக்கு ஏதோ முதல் பரிசு கிடைத்துவிட்ட மாதிரி ஒரு வாரம் மிதந்துகொண்டிருந்தார்.

வேன் வீட்டு வாசலுக்கே வந்தது. வழியில் பள்ளிகொண்டாவில் நிறுத்தி டீயும் பன்னும் வாங்கிக்கொடுத்தார்கள். வேலூரில் ஸ்கேன் மிஷினுக்குள் தலையை ஆட்டாமல் படுத்திருக்க வேண்டும். தகரக் கொட்டகைமேல் சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம். பயமெல்லாம் இல்லை, மூக்கு அரித்தால் சொறிய முடியாதே என்பதுதான் கவலை. அதன்பிறகு ஒரு அக்கா எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார். கல்லூரி முடித்த கையோடு அந்த ஆராய்ச்சியில் வேலைக்குச் சேர்ந்தவர். நான் என்ன உளறினாலும் பாதியில் வெட்டாமல் கேட்பார்.

எனக்கு அப்போது இருந்தது ஒரே தோழி. எதிர்வீடு. அவள் அப்பாவும் என் அப்பாவும் ஒரே ஷூ கம்பெனியில் வேலை பார்த்தார்கள். காலையில் சைக்கிளில் சேர்ந்து போவோம், மத்தியானம் ஒரே டிபன்பாக்ஸில் சாப்பிடுவோம். அவளைத் தவிர வேறு யாரிடமும் பழகவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. முட்டாள்தனம்தான்.

வேன் வந்துபோன பிறகு அவள் அம்மா குழாயடியில் என்ன ஏது என்று விசாரித்திருக்கிறார். “மூளை ஆராய்ச்சிங்க. பயப்பட ஒண்ணுமில்ல, எம்பொண்ணு கண்ட்ரோல்ல இருக்கா” என்று அம்மா பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தார்.

கண்ட்ரோலில் இருப்பது என்றால் எங்கள் தெருவுக்கு ஒரே அர்த்தம்தான். சுகர் இருக்கிறவருக்குத்தான் சுகர் கண்ட்ரோலில் இருக்கும். பிரஷர் இருக்கிறவருக்குத்தான் பிரஷர் கண்ட்ரோலில் இருக்கும். மூளை கண்ட்ரோலில் இருக்கிற பெண்ணுக்கு என்ன இருக்கும்? சொல்லத் தேவையில்லையே!

அடுத்த வாரம் என் தோழி எனக்காகக் காத்திருக்காமல் பள்ளிக்குப் போய்விட்டாள். மத்தியானம் வேறு பெஞ்சில் சாப்பிட்டாள். சைக்கிள் ஸ்டாண்டில் மடக்கிப் பிடித்துக் கேட்டேன்.

“எங்கம்மா உங்கூட போக வேணாம்னு சொல்லிட்டாங்க. உனக்கு திடீர்னு ஜாஸ்தி ஆய்டுமாம்.”

“இன்னா ஜாஸ்தி ஆய்டும்?”

 அவள் என் தலையைப் பார்த்தாள், சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். வந்த கோபத்துக்கு அவள் பின்னாடியே கத்திவிட்டேன். கத்தியது இன்னும் வசதியாகப் போயிற்று அவர்களுக்கு.

அம்மா சும்மா இருப்பாரா, நேராக எதிர்வீட்டுக்குப் போனார். நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

“அவ பேஷண்ட் இல்லிங்க. கண்ட்ரோல்!”

“அதான் டீச்சர் நாங்களும் சொல்றோம். கண்ட்ரோல்ல இருந்தா போதும். எங்க மாமியாருக்கு சுகர் பத்து வருஷமா கண்ட்ரோல்லதான் இருக்குது. மாத்திரைய மட்டும் உட்டுடாதீங்க.”

அம்மா விளக்க விளக்க அந்த அம்மாள் இரக்கத்தோடு தலையாட்டினார். காபி கொடுத்தார். என் தோழி உள் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. அவள் கொலுசுச் சத்தம் மட்டும் கேட்டது.

“இந்தப் பேஜாரே வேணாம், நிறுத்திடலாம்” என்றார் அப்பா. “நிறுத்தினா முத்திப்போச்சும்பாங்க” என்றார் அம்மா. இரண்டு பேரும் சொன்னது சரிதான். நான் தொடர்ந்து போனேன். உண்மையைச் சொன்னால், வருஷத்தில் ஒரு நாளாவது எதிரே ஒருவர் உட்கார்ந்து, நேற்று என்ன செய்தாய், எதற்குச் சிரித்தாய், எதற்கு அழுதாய் என்று கேட்பது அங்கேதான். அந்த ஒரு நாளுக்காகவே மனசில் பேச்சைச் சேர்த்துவைத்திருப்பேன். பள்ளியில் அவள் என்றைக்காவது திரும்பி வருவாள் என்று என் பக்கத்து இடத்தில் பையை வைத்துப் பிடித்துவைப்பேன். யாரும் அந்த இடத்தைக் கேட்கவில்லை. பன்னிரண்டாவது வரைக்கும் அப்படியே போயிற்று.

பதினெட்டு முடிந்ததும் கடைசித் தடவையாகப் போனேன். அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, கொஞ்சம் பூசினாற்போல் இருந்தார். “இதோட முடிஞ்சிச்சும்மா, இனி உனக்குத் தொந்தரவு இல்ல” என்று சிரித்தார். 

வழக்கமான கேள்விகள். மனசுவிட்டுப் பேசுகிற அளவுக்கு நெருக்கமானவர் யார் என்பது அதில் ஒன்று. மற்ற வருஷங்களில் தயங்காமல் எதிர்வீட்டுக்காரி பெயரைச் சொல்லிவிடுவேன். அன்றைக்குப் பொய் சொல்ல மனசு வரவில்லை.

“நீங்கதான்க்கா” என்றேன்.

அக்கா பேனாவை எடுத்தார், பிறகு வைத்துவிட்டார்.

“இந்த ஆராய்ச்சியில வேல செய்றவங்க பேரைச் சொல்லக்கூடாதும்மா.”

“அப்ப அம்மா.”

“வீட்ல இருக்கறவங்களும் வேணாம். வெளியில யாராச்சும் சொல்லேன். அவசரமில்ல.”

அவசரமில்லாமல்தான் யோசித்தேன். வெளியே வராந்தாவில் அடுத்த பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அக்கா தலைகுனிந்தபடி மெதுவாகக் கேட்டார்.

“யாரும் இல்லன்னு போட்டுக்கட்டுமாம்மா?”

“போட்டுக்கோங்கக்கா” என்றேன்.