ஏறாத பதில்

கருங்குழியில் என் மொபைல் கடைக்கு ஒரு வேன் டிரைவர் வந்தார். நரைத்த தாடி, காக்கிச் சட்டை. பழைய கேசட் ஒன்றை நீட்டி, பென்டிரைவில் ஏற்றித் தரச் சொன்னார். எப்போதோ சென்னைக்கு வந்த வெள்ளைக்கார ராக் குழுவின் கச்சேரி. கூட்டத்தில் நின்று அவரே பதிவு செய்தது.

கடையிலிருந்த பழைய டேப் ரெக்கார்டரில் ஓடவிட்டுப் பார்த்து அசந்துபோனேன். கிதார் அவ்வளவு துல்லியம். என் கால் தானாகத் தாளம் போட்டது. அவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"அன்னிக்கும் இப்டியேதான் நின்னுகினு இருந்தேன். கை தட்டினா அந்தச் சத்தமும் கேசட்ல ஏறிடும்."

பாட்டின் நடுவே மிக அருகில் ஓர் இளைஞனின் குரல் கேட்டது. "மச்சான், ரெக்கார்டு ஆவுதா? டேய், சொல்லுடா." பதில் இல்லை.

"இத மட்டும் வெட்டிடட்டுமாண்ணே?"

"வாணாம்பா. என் சிநேகிதன். அடுத்த வாரமே மாமல்லபுரத்துல கடல்ல குளிக்கப் போனான், வரல. அவன் குரல் இவ்ளோதான் கீது. பாட்டு கெட்டுடும்னு நான் வாயே தொறக்கல."

பிறகு முதலிலிருந்து ஏற்றத் தொடங்கினேன். அந்தக் குரல் வந்ததும் அவர் கம்ப்யூட்டர் பக்கம் குனிந்து, "ஆவுது மச்சான், ஆவுது" என்றார். என்னைப் பார்த்து, "ஏறிச்சாப்பா?" என்றார்.

டேப் ரெக்கார்டரிலிருந்து ஒயர் வழியாக எடுக்கும் பதிவில் வெளியே பேசுவது ஏறாது. அந்த முகத்தைப் பார்த்து, "ஏறிடுச்சுண்ணே" என்றுவிட்டேன்.

போகும் வழியிலேயே வேனில் போட்டுக் கேட்டிருப்பார்.