ரோஸி அக்கா தூக்கிய பத்து கிலோ

"கோடு போட்டாச்சு. இப்ப எந்தப் பக்கம் நிழல் போடணும்?" பிளஸ் ஒன்னில் கணக்கு டீச்சர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. நேரிய அசமன்பாடு என்று பாடத்துக்குப் பெயர்; இவ்வளவைத் தாண்டக் கூடாது என்பதைக் கோடு போட்டுக் காட்டும் கணக்கு.

ரோஸி அக்கா எங்கள் பக்கத்து வீடு. பட்டினப்பாக்கத்திலிருந்து மந்தைவெளி வரை அலுமினிய அன்னக்கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக மீன் விற்பாள். போன வருஷம் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. பத்து கிலோவுக்கு மேல் தூக்கினால் மறுபடி பிதுங்கிவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். நடந்து விற்பதைக் கைவிட அவளுக்கு மனசில்லை. "மார்க்கெட்ல குந்துனா நாள் பூரா சண்டைடி. தெருவுல நான் தான் ராணி" என்பாள். மீனைப் பத்து கிலோவாகக் குறைத்துக்கொண்டு கிளம்பினாள்.

மழைக்காலம் முடிவதற்குள் வீக்கம் திரும்பி வந்துவிட்டது. பிளஸ் டூ முடித்துச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த நான் ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போனேன்.

"எவ்வளவும்மா தூக்குனீங்க?" என்றார் டாக்டர்.

"நீங்க சொன்ன பத்துதான் சார்."

அவர் நம்பவில்லை. நான் நம்பினேன். எங்கள் பக்கம் மீனைத்தான் எடை போடுவோம். ஐஸைக் கையால் அள்ளி மேலே கொட்டுவோம். அதை யாரும் எடையாக நினைப்பதில்லை.

வீட்டுக்கு வந்து கிராஃப் தாளை எடுத்தேன். படுக்கைக் கோட்டில் மீன், நிமிர்ந்த கோட்டில் ஐஸ். கூடையே ஒரு கிலோ. ஆகவே மீனும் ஐஸும் சேர்ந்து ஒன்பதைத் தாண்டக் கூடாது. வெறும் மீன் ஒன்பது ஒரு புள்ளி, வெறும் ஐஸ் ஒன்பது இன்னொரு புள்ளி. இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டேன். ஒன்பது வரை தூக்கலாம் என்பதால் கோடும் கணக்கில் சேரும். எந்தப் பக்கம்? வெறும் கூடையை நினைத்துப் பார்த்தேன். மீன் பூஜ்யம், ஐஸ் பூஜ்யம், கூட்டினால் ஒன்பதைத் தாண்டவில்லை. அப்படியென்றால் பூஜ்யம் இருக்கிற பக்கம்தான் தூக்கக்கூடிய பக்கம். அங்கே நிழல் போட்டேன். அக்கா தூக்கியது பத்து மீன், எப்படியும் ஐந்து கிலோ ஐஸ். அந்தப் புள்ளி நிழலுக்கு வெகுதூரம் வெளியே விழுந்தது.

"இன்னாடி இது?" தாளை நீட்டியதும் அக்கா கேட்டாள்.

"நீ தூக்குனது இங்க கீதுக்கா. தூக்க வேண்டியது இதுக்குள்ள."

"ஐஸு உருகிப்போற தண்ணிதானடி."

"தண்ணியும் கூடையிலதான கீது."

நிழலின் ஓரத்தில் விரலை வைத்தாள். "மீன்ல பாதியாவது ஐஸ் போடணும். இல்லாங்காட்டி நாறிப்பூடும்."

ஆறு மீன், மூன்று ஐஸ். புள்ளி கோட்டின் மேலேயே உட்கார்ந்தது.

"ஆறு போதுமே எனக்கு" என்றாள். குரலில் வருத்தமோ சந்தோஷமோ இல்லை.

அந்த வீக்கத்துக்கு இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு ஆறும் இல்லை, எதையுமே தூக்கக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். இப்போது மார்க்கெட் ஓரமாக உட்கார்ந்து, மற்றவர்கள் வாங்கிவரும் மீனை ஆய்ந்து கொடுக்கிறாள். மந்தைவெளி வாடிக்கை வீடுகளிலிருந்து போன் வந்தால், "இனிமே வர்றதில்லம்மா" என்று வைத்துவிடுகிறாள். அழுது நான் பார்த்ததில்லை. கேட்டால், "ஒண்ணும் தோணலடி" என்கிறாள்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது ஆபரேஷன் முடிந்து மறுபடி கூடை தூக்கப் போனால், இதை அவர்களிடம் சொல்லுங்கள். ஐஸையும் சேர்த்து எடை போடச் சொல்லுங்கள்.