பஸ் ஜன்னலில் வந்த கணக்கு

இரண்டாவது செமஸ்டர் கால்குலஸ் வகுப்பில், நான் போர்டில் போட்ட கணக்கு பாதியில் நின்றுவிட, நானும் நின்றேன். கூடப் படிக்கும் மலர் சிரித்தாள்.

மறுநாள் காலேஜ் பஸ்ஸில், என் சீட்டு ஜன்னலில் படிந்த சிமென்ட் தூசியில் அதே கணக்கை யாரோ விரலால் எழுதியிருந்தார்கள். கிண்டல்தான், வேறென்ன? முழுசாகப் படிக்காமலே துடைத்தேன். தினமும் இதே கதை. பஸ்ஸில் எல்லார்மேலும் சந்தேகம்.

ஒருநாள் அரியலூர் அத்தை வீட்டிலிருந்து கிளம்பியதால் முதல் ஸ்டாப்பிலேயே ஏறினேன். என் ஜன்னலில் மலர் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எத்தனை நாள்டி கிண்டல் பண்ணுவ?"

"அன்னைக்கு சிரிச்சது தப்புதான்டி. நேர்ல சொல்லிக் குடுக்க வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிற. முழுசாப் படிச்சுத்தான் பாரேன்."

படித்தேன். நான் நின்ற இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்து போட்டு, கடைசி வரியை மட்டும் எனக்காக விட்டிருந்தாள். அதை நான் எழுதினேன்.

இன்றைக்கும் தூசி படிந்த கண்ணாடியை, ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் துடைக்கிறேன்.